குளோன் பிள்ளைங்க ஏன் ஓடிப்போகல? (நெவர் லெட் மீ கோ படிச்சவங்க வாங்க)

பாளை_வாசகி:

கதைய உடைச்சுத்தான் பேசப்போறேன், இனிமேதான் படிக்கணும்னு வச்சிருக்கவங்க இப்பமே கெளம்பிருங்க, பொறவு என்னைய ஏசக்கூடாது.

கஸுவோ இஷிகுரோவோட நெவர் லெட் மீ கோ ஒருவழியா முடிச்சேன். 2005ல வந்த நாவல், 2017ல நோபல் வாங்குனவரு. எல்லாரும் அழுதேன் அழுதேன்னு எழுதி வச்சிருக்காங்க, எனக்கு அழுகையே வரல, கடுப்புதான் வந்துச்சு. இங்கிலாந்துல ஹெய்ல்ஷம்னு ஒரு ஹாஸ்டல் ஸ்கூலு, அங்க வளர்ற பிள்ளைங்க பூரா குளோன், அதாவது வேற ஒரு ஆளோட செல்லுல இருந்து எடுத்த நகல், பெரிசானதும் ஒவ்வொரு உறுப்பா எடுத்து மத்தவங்களுக்கு வச்சிருவாங்க, மூணாவது நாலாவது ஆபரேஷனோட ஆளு முடிஞ்சிரும். இது அதுகளுக்கும் தெரியும். தெரிஞ்சும் ஒண்ணு கூட ஓடல! கதை சொல்லுத கேத்திக்கு 31 வயசு, பதினொரு வருசத்துக்கு மேல மத்த குளோன்களுக்கு ஆஸ்பத்திரில துணையிருந்து பாத்துக்கிடுத வேலை பாக்கா, காரு வச்சிருக்கா, தனியா ஊரு ஊரா ஓட்டிக்கிட்டுத் திரியுதா, கூட வளந்தவங்க ஒவ்வொருத்தரா கண்ணு முன்னாடி போறாங்க, அந்தக் காரை அப்படியே ஒரு துறைமுகத்துப் பக்கம் திருப்பக்கூடாதா? ஒரு போலீஸ் கெடையாது, வேலி கெடையாது. அதிகபட்சமா அவங்க ஆசப்பட்டதே நெசமா காதலிக்கிற ஜோடின்னா ஒரு மூணு நாலு வருசம் தள்ளிப்போடுவாங்களாமேன்னுதான். அதுவும் வெறும் வதந்தி. இதுல ஏதோ இருக்கா, இல்ல எழுதுனவரு வசதிக்கு அப்படி விட்டுட்டாரா?

இன்னொண்ணு இதோட ஒட்டுனதுதான். குளோன் கதைன்னாலே உசுருக்கு மதிப்பில்லாமப் போயிரும்னு காட்டுதாங்க. ஹக்ஸ்லியோட பிரேவ் நியூ வேர்ல்டு 1932லயே வந்துட்டு, அதுல ஒரே கருமுட்டைய பிரிச்சுப் பிரிச்சு 96 பிள்ளைங்க வரைக்கும் பாட்டில்ல வளத்து எடுப்பாங்க, அந்த எடத்து டைரக்டரு ஒரு கட்டத்துல சொல்லுவாரு, கொலைன்னா ஒரு ஆளுதான சாவுதான், புதுசா எத்தன பேர வேணும்னாலும் செஞ்சுக்கிடலாம், சொன்னபடி நடக்காதவன்தான் ஆபத்துன்னு. அப்ப ஒண்ணே ஒண்ணா இருந்தாத்தான் மதிப்பு, நெறைய இருந்தா கெடையாது, அப்படித்தான? எங்க சித்திக்கு ரெட்டைப்பிள்ளைங்க, ஒருத்திக்கு காய்ச்சல்னா அதான் இன்னொருத்தி இருக்காள்லான்னு சொன்னா சித்தி செருப்பால அடிக்கும். அப்ப நகல்ங்கிறது நெசமான காரணமா, இல்ல சாக்கா?

எங்க வாசிப்பு வட்டத்துல இதப்பத்தி நான்தான் பேசணும். கொஞ்சம் உருப்படியா சொல்லுங்க.

டவுன்_மாப்ள:

ஓடியிருந்தா இருவது பக்கத்துல கதை முடிஞ்சிருக்கும், அதான் ஓடல 😄

சீரியஸாவே கேக்கேன், இந்தக் கதைல லாஜிக் எங்க இருக்கு? ஒரு கிட்னிக்காக ஒரு ஆள இருவது முப்பது வருசம் சோறு போட்டு, துணிமணி எடுத்துக் குடுத்து, வாத்தியார் வச்சு கவிதை எழுதச் சொல்லிக்குடுத்து வளக்கணுமாம். எந்த கவர்மெண்டுவே இந்தச் செலவு பண்ணும்? இங்க ரேஷன் கடைல பருப்பு போடவே மூக்கால அழுதான். உறுப்ப மட்டும் தனியா வளக்க வழி தேடிட்டுத்தான் இருக்காங்க, முழு மனுசன் எதுக்கு?

குளோன் கதைன்னா 2009ல வந்த மூன் படம் பாருங்க. நெலாவுல தனியா ஒரு ஆளு, மூணு வருச காண்ட்ராக்ட், முடிஞ்சதும் ஊருக்குப் போயி பொண்டாட்டி பிள்ளைய பாக்கணும்னு நாள எண்ணிக்கிட்டு இருப்பான், ஆனா அவனே ஒரு குளோன், அந்த ஊரும் பொண்டாட்டியும் வேற ஒருத்தனோட ஞாபகம். மூணு வருசம் முடிஞ்சா அவன அழிச்சிட்டு அடுத்தவன எழுப்புவானுவ. ஏன்னா புதுசா ஒருத்தனுக்கு டிரெய்னிங் குடுத்து அனுப்புறத விட இது சல்லிசு. இதுல கணக்கு உதைக்காது. கம்பெனி புத்தி அப்படித்தான் வேலை செய்யும். இஷிகுரோ கதைல எல்லாரும் சோகமா ஜன்னல் வழியா பாக்காங்க, அம்புட்டுத்தான்.

மாட்டுவைத்தியம்_மூணாம்வருசம்:

அக்கா, நான் ராமையன்பட்டி வெட்டினரி காலேஜ், இந்த டாபிக்குக்குன்னே பொறந்தவன், அதனால கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல சினிமாக்காரங்க பண்ணுத அட்டூழியம். கண்ணாடிப் பொட்டிக்குள்ள முழுசா வளந்த ஆளு மிதப்பான், கண்ணு முழிச்சதும் இங்கிலீஷ் பேசுவான். அப்படி எல்லாம் கெடையாது. டாலி ஆடு 1996 ஜூலை 5ம் தேதி ஸ்காட்லாந்துல ரோஸ்லின் இன்ஸ்டிடியூட்ல பொறந்துச்சு, 6 வயசு ஆட்டோட மடியில இருந்து எடுத்த செல்லு, அதோட நியூக்ளியஸ வேற ஒரு ஆட்டோட கருமுட்டைல வச்சு, மூணாவதா ஒரு ஆட்டோட வயித்துல வளத்தாங்க. பொறந்தது 6 வயசு ஆடு இல்ல, குட்டி. பால் குடிச்சு, துள்ளி, எல்லாம் பண்ணிச்சு. சுமந்தது கருமூஞ்சி ஆடு, பொறந்தது வெள்ளைமூஞ்சி, அதனால பாத்த ஒடனே இது அதோட குட்டி இல்லன்னு தெரிஞ்சிட்டு. ஆக குளோன்ங்கிறது வருசம் தள்ளிப் பொறந்த ரெட்டைப்பிள்ளை, அவ்வளவுதான். அதுலயும் ஒரு சின்ன வித்தியாசம், செல்லுக்குள்ள நியூக்ளியஸுக்கு வெளிய மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்கு, அதோட டிஎன்ஏ கருமுட்டை குடுத்தவளோடது, அதனால ரெட்டைப்பிள்ளைங்க அளவுக்குக் கூட அச்சு அசலா இருக்காது. உங்க சித்தி செருப்பு எடுக்கது சயின்ஸ்படி கரெக்ட்.

அந்த ஒரு டாலிக்கு 277 தடவ முயற்சி பண்ணாங்க. நம்ம நாட்டுலயும் ஹரியானா கர்னால்ல இருக்க என்டிஆர்ஐங்கிற தேசிய பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்துல 2009ல எருமைக் கன்னு குளோன் பண்ணாங்க, மொதல்ல பொறந்தது சில நாள்ல செத்துட்டு, அடுத்து பொறந்தது கரிமா. பொறவு கரிமா 2ன்னு ஒண்ணு, அது 2013ல தானே ஒரு கன்னு ஈன்டுச்சு. 2023ல கிர் பசு. ஷாங்காய்ல 2017 கடைசில ரெண்டு கொரங்கு. மனுசன மட்டும் யாரும் பண்ணல, 2002 கடைசில ஒரு கூட்டம் பண்ணிட்டோம்னு டிவில வந்து சொல்லுச்சு, ஒரு ஆதாரமும் காட்டல. இந்தியால ஐசிஎம்ஆர், அதான் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், கைட்லைன்ஸ்படியே அதுக்குத் தடை இருக்கு.

இப்ப இத ஏன் சொல்லுதேன்னா, குளோன் கன்னுல நெறைய வயித்துக்குள்ளயே போயிரும், இல்ல நச்சுக்கொடி சரியா இருக்காது, கன்னு ரொம்பப் பெரிசா வளந்து ஈத்து கஷ்டமாயிரும், பொறந்ததும் மூச்சுத்திணறும். அப்ப ஒரு ஸ்கூல் நெறைய மனுசக் குளோன் வேணும்னா எத்தன பொம்பளைங்க வயிறு வேணும்? எத்தன செத்துப்பொறந்திருக்கும்? நெவர் லெட் மீ கோல அதப்பத்தி ஒரு வரி கெடையாது, யாரு சுமந்தா யாரு பெத்தான்னு கேத்தியும் யோசிக்கல. ஹக்ஸ்லி பாட்டில்னு சொல்லி தப்பிச்சுட்டாரு. உசுரோட மதிப்பப்பத்தி எழுதுதவங்க எல்லாரும் கிட்னி குடுக்கவன பாக்காங்க, சுமந்தவள பாக்கல.

டவுன் மாப்ள அண்ணனுக்கு: முழு மனுசன் எதுக்குன்னு கேட்டீங்கள்லா, அதுக்குத்தான் பன்னி வந்துட்டு. 2022 ஜனவரில அமெரிக்கால மேரிலாண்ட்ல ஜீன் மாத்துன பன்னியோட இதயத்த ஒருத்தருக்கு வச்சாங்க, ரெண்டு மாசம் இருந்தாரு. 2024 மார்ச்சுல பாஸ்டன்ல ஒருத்தருக்கு பன்னி கிட்னி. அந்தப் பன்னிங்க எப்படி வருதுன்னா, செல்லுல ஜீன மாத்தி, டாலிக்குப் பண்ண அதே முறைலதான் குட்டியாக்குதாங்க. ஆக உறுப்புக்காகவே வளக்குற குளோன் ஏற்கனவே இருக்கு, என்ன நாலு காலு. கிருமி அண்டாத கட்டடம், வடிகட்டுன காத்து, அளந்த தீனி, கூட டாக்டருங்க, எங்க காலேஜ் ஹாஸ்டல விட நல்ல ஏற்பாடு. செலவு பண்ண மாட்டானுவன்னு சொன்னீங்க, பண்ணுதானுவளே.

சீவலப்பேரி_அண்ணாச்சி:

ஏன் ஓடலன்னு கேக்கியே பாப்பா, சொடலைமாடனுக்கு நேந்துவிட்ட கிடா ஒண்ணு ஊர விட்டு ஓடி நீ பாத்திருக்கியா?

குட்டியா இருக்கையிலயே சாமிக்குன்னு விட்ருவாவ. கட்ட மாட்டாவ, அடைக்க மாட்டாவ. எவன் வயல்ல வாய வச்சாலும் கம்பு எடுக்க மாட்டான். உளுந்து காயப்போட்ட பாயில ஏறி நின்னு தின்னாலும், சாமி கிடா தின்னுட்டுப் போட்டும்பாளுவ பொம்பளையாளுவ. பள்ளிக்கூடத்துப் பயலுவ முறுக்கு குடுப்பானுவ, பேரு வைப்பானுவ, முதுகுல ஏறப் பாப்பானுவ. அதுக்கு ஊருல இருக்க மரியாதை எனக்குக் கெடையாது கேட்டியா. கோயில் கொடைத் திருவிழா அன்னைக்கு குளிப்பாட்டி, மாலை போட்டு, கோயில் முன்னால நிறுத்தி தலையில மஞ்சத்தண்ணி தெளிப்பாவ. குளுந்த தண்ணி மேல விழுந்தா எந்த ஆடும் ஒடம்பச் சிலுப்பத்தான செய்யும்? சிலுப்புனதும் உத்தரவு குடுத்துட்டுன்னு கொலவை போடுவாவ. கிடாவே சம்மதிச்சுட்டாம். சிலுப்பலன்னா விட்ருவாவன்னு நெனைக்காத, இன்னும் ரெண்டு செம்பு காதுப்பக்கமா ஊத்துவாவ, அப்பம் சிலுப்பும்.

நான் கொடைய கொறை சொல்ல வரல, அந்தக் கறிய தின்னு வளந்த ஒடம்புதான் இது. ஆனா எம்மவன் இந்தப் புஸ்தகத்தக் குடுத்து படிச்சுப் பாருங்கப்பான்னான், படிக்கப் படிக்க அந்த மஞ்சத்தண்ணிதான் ஞாபகத்துக்கு வந்துச்சு. வெட்டுதவனுக்கு கிடாவோட சம்மதம் தேவைப்படுது பாத்தியா. வெறுமன வெட்ட மனசு ஒப்பல. அந்தப் பள்ளிக்கூடத்துல படம் வரையச் சொன்னது, பாட்டு, பந்து வெளையாட்டு, எல்லாம் யாருக்காவ? வளக்கவங்க ராத்திரி தூங்கணும்லா, அதுக்காவ.

அதுல ஒரு டீச்சரம்மா வருவா, மிஸ் லூசி. அவதான் பிள்ளையளுக்குச் சொல்லுவா, உங்களுக்குச் சொல்லியும் இருக்கு சொல்லாமலும் இருக்குன்னு. ஒருத்தன் பெரியாளானா சினிமால நடிக்கணும்னு பேசிக்கிட்டு இருப்பான், அந்தம்மாவுக்குத் தாங்காது, ஒங்க யாருக்கும் அதெல்லாம் கெடையாது, எதுக்குப் பொறந்தீங்களோ அதுக்குத்தான் போவியன்னு நேரா சொல்லிருவா. கொஞ்ச நாள்ல ஆளக் காணும். ஒரே ஒரு வாட்டி ஒருத்தி நேரா பேசுனா, அந்தப் பிள்ளையளுக்கே அது பெரிய அதிர்ச்சியா இல்ல, அதான் தெரியுமேன்னு போயிருதுக. அஞ்சு வயசுலருந்து சோத்தோட சோறா ஊட்டிட்டாவ. எங்க போயி ஓடும்?

வண்ணாரப்பேட்டை_செல்வி:

அண்ணாச்சி சொன்னது மனசுல நிக்கு. ஆனா இங்க எல்லாரும் கிடா பக்கம் நின்னே பேசுதீய, கறி வாங்கித் தின்ன பக்கத்துல இருந்து ஒருத்தி பேசவா?

எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு கிட்னியும் போயிட்டு. வாரத்துக்கு மூணு தடவ டயாலிசிஸ், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். கையில ரத்தக்குழாய ஒண்ணோட ஒண்ணு சேத்து ஃபிஸ்டுலா போட்டிருப்பாங்க, அந்த எடத்துல வெரல வச்சா கிர்ர்ர்னு உள்ள ஒரு அதிர்வு ஓடும், ராத்திரி நான் முழிப்பு வந்தா அதத்தான் தொட்டுப் பாப்பேன், ஓடுதான்னு. எளநி குடிக்கக்கூடாது, வாழப்பழம் கூடாது, ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணின்னு அளந்து பாட்டில்ல வச்சிருப்போம், தாமிரவருணிக் கரையில பொறந்து வளந்த மனுசன் சித்திரை வெயில்ல ஒதட்ட நனைச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு, அந்தப் பாட்டில பாத்துக்கிட்டு. அங்க வெயிட்டிங் ஹால்ல எங்கள மாதிரி நெறைய பேரு. பைபாஸ்ல பைக் ஆக்சிடென்ட்னு யாராச்சும் சொன்னா எல்லாரும் அய்யோங்கும், ஆனா அந்த அய்யோவுக்குப் பின்னாடி ஒரு நிமிசம் யாருக்கு என்ன குரூப்புன்னு மனசு போவும், ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்க மாட்டோம். கடைசில எங்க அத்தைதான் குடுத்தாங்க, பெத்தவ.

அதனால அந்த நாவல்ல எனக்குப் பிடிச்சது, பிடிச்சதுன்னு சொல்லக்கூடாது, குத்துனது எதுன்னா கடைசில கேத்தியும் அவ காதலிக்கிற டாமியும், ஹெய்ல்ஷமுக்கு அப்பப்ப வந்து போன மேடம்ங்கிற பொம்பளை வீட்டுக்குப் போயி தள்ளிப்போட முடியுமான்னு கேக்காங்கள்லா, அப்ப அங்க இருக்க பழைய ஸ்கூல் ஹெட் மிஸ் எமிலி சொல்லுத பதில்தான். புத்துநோயும் இதய நோயும் தீரும்னு ஆனப்புறம் மறுபடியும் பழைய காலத்துக்குப் போன்னு ஒலகத்துகிட்ட எப்படிக் கேக்க முடியும், ஜனங்களுக்கு அவங்க பிள்ளை, அவங்க புருசன், அவங்க அப்பா அம்மா சாவக்கூடாது, அதுதான் பெரிசு, உறுப்பு எங்கருந்து வருதுன்னு பாக்க அவங்களுக்கு இஷ்டமில்ல, பாத்தாலும் இதுங்க நம்மள மாதிரி இல்லன்னு சொல்லிக்கிட்டாங்கன்னு. சத்தியமா சொல்லுதேன், அந்த வாரத்துல யாராச்சும் வந்து ஒரு எடத்துல கிட்னி இருக்கு, எங்கருந்துன்னு கேக்காதன்னு சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பனான்னு எனக்குத் தெரியல.

இது கற்பனை எல்லாம் இல்ல. மெட்ராஸ்ல வில்லிவாக்கத்த கிட்னிவாக்கம்னு ஒரு காலத்துல சொன்னாங்களே, கடன்பட்ட ஏழைங்க வித்தது. சுனாமிக்கப்புறம் எர்ணாவூர் பக்கம் மீனவப் பொம்பளைங்க வித்தாங்க. உறுப்பு மாற்றுச் சட்டம் 1994லயே வந்துட்டு, சொந்தம்னா ஒரு மாதிரி, சொந்தம் இல்லன்னா கமிட்டி முன்னாடி போயி பணத்துக்காக இல்லன்னு நிரூபிக்கணும். அந்தப் பொம்பளைங்க யாரும் குளோன் இல்ல, ஒண்ணே ஒண்ணாப் பொறந்தவங்கதான். பாளை வாசகி கேட்ட ரெண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் இதுதான்மா.

இன்னொண்ணும் சொல்லிருதேன், இல்லன்னா எங்க அத்தைக்குச் செஞ்ச துரோகம். அதே உறுப்புதான், கேட்டு வாங்குனா, தெரிஞ்சு குடுத்தா, வேற கதை ஆயிருது. மூளைச்சாவு அடைஞ்சவங்க குடும்பம் உறுப்பு குடுத்தா அரசு மரியாதையோட அடக்கம்னு 2023ல தமிழ்நாடு அரசு அறிவிச்சுது, கலெக்டரோ பெரிய அதிகாரியோ வந்து மாலை வைக்காங்க. அது போட்டோவுக்குன்னு சிலபேரு சொல்லுவாங்க, சொல்லட்டும். பேரு சொல்லி ஒரு ஆளு நின்னு கும்பிடுதாருல்லா, அது கேத்திக்கும் டாமிக்கும் கெடைக்கல.

பாளை_வாசகி:

செல்வி அக்கா, என்ன எழுதன்னு தெரியல. அத்தையும் அண்ணனும் இப்ப நல்லா இருக்காங்களா?

அண்ணாச்சி, கிடா கதை சொன்னதுல பாதி கடுப்பு போயிட்டு, ஆனா ஒண்ணு உதைக்குது. கிடாவுக்குத் தெரியாது. கேத்திக்குத் தெரியும், யோசிக்கத் தெரியும், வேற குளோன்களோட சாவ பக்கத்துல இருந்து பாக்கா. தெரிஞ்ச ஒருத்திய கிடாவோட சேக்கதே அவள ஒருபடி கொறைக்கது மாதிரி இல்லையா? அந்த மேடம் பிள்ளைங்க பக்கத்துல வந்தா எட்டுக்கால் பூச்சியக் கண்ட மாதிரி ஒதுங்குவாள்லா, அது மாதிரி.

சீவலப்பேரி_அண்ணாச்சி:

நல்லாக் கேட்ட. கிடாவ விடு, அவளையே பேசுவோம்.

நீ புதுசா ஒரு ஊருக்குப் போற, அங்க ஒரு ஆச்சி திண்ணையில இருக்கா. மொதக் கேள்வி என்ன கேப்பா? நீ யாரு மவ? எந்த ஊரு, யாரு பேத்தி? ஒன் தாத்தா பேரச் சொன்னா, அட அவரு பேத்தியான்னு மோர் குடுப்பா. கேத்தி என்ன சொல்லுவா? அப்பன் இல்ல, ஆத்தா இல்ல, அத்தை மாமா இல்ல. பேருக்குப் பின்னால ஒத்த எழுத்து, கேத்தி எச், அந்த எச்சுக்கு விரிவே கெடையாது. அவளுக்குன்னு இருந்தது அந்த ஹாஸ்டல் பிள்ளையள் மட்டும்தான், அதுகளும் அவள மாதிரியே வரிசையில நிக்கதுக. ஓடுனா அந்த நாலு பேரையும் விட்டுட்டு ஓடணும். ஓடுதவனுக்கு போயிச் சேர ஒரு வீடு வேணும்மா. ஊர்ல தகராறு பண்ணிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறுன பயலுவ கூட தாராவில மாமன் வீடு இருக்குன்னுதான் ஏறுனானுவ.

கூட வளந்த ரூத்து ஒருத்தி, தன்ன யாருகிட்ட இருந்து நகல் எடுத்தாங்களோ அந்த அசல் மாதிரி ஒரு பொம்பளைய ஆபீஸ்ல கண்ணாடி வழியா பாக்கலாம்னு கடற்கரை ஊருக்குப் போவாள்லா, அது ஆத்தாளத் தேடுத தேட்டம்தான். பொறவு அது அவ இல்லன்னு தெரிஞ்சதும் ஆத்திரத்துல கத்துவா, நம்மள எல்லாம் குப்பையில இருந்துதான் எடுத்திருப்பானுவ, போதைக்காரன், ரோட்டுல கெடக்கவன், அவங்களப் பாத்துத்தான்னு. அந்த எடத்துல நான் புஸ்தகத்த மூடி வச்சிட்டு வெளிய போயி நின்னேன்.

மேலப்பாளையம்_புக்ஷெல்ஃப்:

லேட்டா வாரேன். நூல் நல்லாப் போவுது.

பாளை வாசகி, வட்டத்துல பேசுததுன்னா டாமி கதைய எடுங்க, எல்லாரும் கேத்தியவே பேசுவாங்க. ஹெய்ல்ஷம்ல நல்லா வரைஞ்ச படத்த மேடம் வந்து எடுத்துட்டுப் போவா, பிள்ளைங்களுக்கு அது பெரிய பெருமை. எதுக்கு எடுத்தாங்கன்னு கடைசிலதான் தெரியும், இந்தப் பிள்ளைங்களுக்கு ஆன்மா இருக்குன்னு வெளிய உள்ளவங்களுக்கு நிரூபிக்க. இதுல நல்லவங்க யாருன்னா அந்த நிரூபிக்கப் பாத்தவங்கதான், கதைல அவங்கதான் குளோன் கட்சி. ஆனா டாமிக்கு வரைய வராது. மத்த பயலுவ கேலி பண்ணி பண்ணி ஆத்திரத்துல கத்துவான். அப்ப அவனுக்கு ஆன்மா இல்லையா? நல்லா வரைஞ்சாத்தான் மனுசன்னா வரையத் தெரியாத என்னைய நாளைக்கே அறுத்துரலாம். மார்க் எடுத்தவனத்தான் மனுசனா பாக்குற நம்ம ஊர்ல இத வெளக்கவே வேண்டாம். நிரூபிச்சுக் காட்டுன்னு கேக்க ஆரம்பிச்ச எடத்துலயே தோத்தாச்சு, பதில் எதுவா இருந்தாலும். யாரும் என் சித்தப்பாகிட்ட போயி உமக்கு ஆன்மா இருக்கா ஒரு படம் வரைஞ்சு காட்டும்னு கேக்கல, கேட்டா அவரு காட்டுறதே வேற.

ஹக்ஸ்லில இருந்தும் ஒண்ணு எடுங்க. லிண்டா சாவுத கட்டம். ஆஸ்பத்திரில சாகக் கெடக்கவங்க வார்டுக்கு ஒரே மூஞ்சி உள்ள எட்டு வயசுப் பிள்ளைங்கள கூட்டமா கூட்டிட்டு வருவாங்க, சாவப் பாத்து பயப்படாம இருக்க டிரெய்னிங், கையில சாக்லேட் பலகாரம் குடுத்து. அதுங்க கட்டில சுத்தி நின்னு வேடிக்கை பாக்கும், மவன் ஜான் மட்டும் மண்டி போட்டு அழுவான், அவன் அழுகைதான் அங்க ஒழுங்கீனம். நர்ஸுக்கு என்ன கவலைன்னா, இவன் அழுது பிள்ளைங்க டிரெய்னிங்க கெடுத்துருவானேன்னு. அழுத ஒருத்தனத் தவிர அந்த வார்டுல எல்லாரும் சந்தோசமா இருக்காங்க. எனக்கு இஷிகுரோவ விட இதுதான் பயம்.

தமிழ்லயே வேணும்னா சுஜாதாவோட என் இனிய இயந்திரா இருக்கு, நிலாங்கிற பொண்ணுக்கு பிள்ளை பெத்துக்க அரசாங்க அனுமதி வர்றதுலதான் கதையே தொடங்கும். குளோன் இல்ல, ஆனா பொறக்கதுக்கு பர்மிட்டுங்கிற விசயம் இதுக்கு ஒண்ணுவிட்ட தம்பிதான்.

டவுன்_மாப்ள:

அண்ணாச்சியும் செல்வி அக்காவும் எழுதுனத படிச்சேன், கேலி பண்ண மனசு வரல. ஆனா ஓடவே கூடாதுன்னு இல்ல, ஓடுற கதையும் இருக்கு. நான்சி ஃபார்மரோட த ஹவுஸ் ஆஃப் த ஸ்கார்பியன், 2002. பசங்களுக்கு எழுதுன நாவல்தான், ஆனா கெத்து. அமெரிக்காவுக்கும் பழைய மெக்சிகோவுக்கும் நடுவுல அபின் வளக்குற ஒரு தனி நாடு, அதுக்கு ராசா மாதிரி 140 வயசு தாண்டுன ஒரு கெழவன், எல் பாட்ரோன். அவனோட குளோன்தான் மேட். சட்டப்படி குளோன் மனுசன் இல்ல, ஆடுமாடு கணக்கு, கால்ல இன்னாரு சொத்துன்னு எழுதி வச்சிருப்பானுவ. மத்த குளோனுக்கு பொறந்ததுமே மூளைய அழிச்சிருவானுவ, இவன மட்டும் கெழவன் விட்டு வச்சு, பியானோ எல்லாம் கத்துக்குடுத்து வளப்பான், தன்னோட எளமைய பாக்குத மாதிரி இருக்குல்லா. கெழவனுக்கு ஹார்ட்டு வேணும்னு வரும்போது, சமையல்காரி செலியா ஒரு வேலை பண்ணியிருப்பா பாருங்க, பையனுக்கு கொஞ்சம் கொஞ்சமா சாப்பாட்டுல ஆர்சனிக் வச்சிருப்பா, அவன் சாவ மாட்டான், ஆனா கெழவன் ஒடம்புக்கு அந்த ஹார்ட்ட வச்சா கெழவன் செத்துருவான். யாருக்கும் பயன்படாத மாதிரி ஆக்கித்தான் பிள்ளைய காப்பாத்துதா. கேத்திக்கு ஒரு செலியா இல்ல, அண்ணாச்சி சொன்னது அதுதான.

கடைசில சட்டத்துல ஒரு திருப்பம் வரும். ஒரே ஆளு ரெண்டு பேரா இருக்க முடியாது, அதனாலதான் ஒருத்தன மனுசன் இல்லன்னு வச்சாங்க, இப்ப அசல் செத்துட்டான், அப்ப நகல்தான் அந்த ஆளு, நாடே இவனுக்குச் சொந்தம். நேத்து வரைக்கும் ஆடுமாடு, இன்னைக்கு ராசா. ஒடம்புல ஒரு செல்லு மாறல. உங்க ரெண்டாவது கேள்விய இதவெச்சு கேளுங்க, கூட்டம் நிமிந்து உக்காரும்.

வண்ணாரப்பேட்டை_செல்வி:

ரெண்டு பேரும் நல்லா இருக்காங்கம்மா. அத்தை இப்பவும் அவர ஏசுதாங்க, என் கிட்னிய வச்சுக்கிட்டு ஏம்ல வெயில்ல சுத்துதன்னு. எளநிக்கு மட்டும் டாக்டர் இன்னும் யோசிச்சுத்தான் விடுதாரு.

பாளை_வாசகி:

அத்தைக்கு என் வணக்கம் சொல்லுங்க அக்கா 😄

டவுன் மாப்ள, ஸ்கார்பியன் எட்டாங்கிளாஸ் பிள்ளைங்களுக்குக் குடுக்கலாமா? வட்டத்துக்கு ரெண்டு மூணு பேரு பிள்ளைங்களயும் கூட்டிட்டு வாராங்க. பேச மேட்டர் போதும் போதும்ங்கிற அளவு சேந்துட்டு, டாமி படமும், லிண்டா வார்டும், அந்த சட்டமும் வச்சே ஒரு மணி நேரம் ஓட்டிருவேன். வயித்துல சுமந்தவங்களப் பத்தி வெட்டினரி தம்பி சொன்னதையும் சொல்லுவேன், இதுவரைக்கும் நான் படிச்ச ஒரு விமர்சனத்துலயும் அது வரல.

டவுன்_மாப்ள:

எட்டாங்கிளாஸ்க்கு தாராளமா குடுங்க. போதைத் தோட்டத்துல மூளைல சிப்பு வச்ச கூலிக்காரங்க வருவாங்க, அது கொஞ்சம் பயமா இருக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் தம்பி, சுமந்தவள யாரும் எழுதலன்னு சொன்னியே, இந்த நாவல்ல மொத அத்தியாயமே அதுதான். கருவ எல்லாம் பசுமாட்டு வயித்துலதான் வைப்பானுவ, மேட் பொறந்ததே மாட்டுக்குத்தான். உன் டிபார்ட்மெண்டு.

மாட்டுவைத்தியம்_மூணாம்வருசம்:

அண்ணே ஒரு நாளாவது என்னைய நிம்மதியா விடுங்களேன். நாள் கணக்கு மட்டும் சொல்லிவச்ச மாதிரி பொருந்துது, பசுவுக்கு சினைக்காலம் சுமாரா 283 நாளு, மனுசிக்கு 280. அதப் பாத்துட்டுத்தான் எழுதியிருப்பாங்க போல. ஆனா நச்சுக்கொடி ஒட்டாது. மனுசப் பிள்ளையோட நச்சுக்கொடி கருப்பைச் சுவர அரிச்சு தாயோட ரத்தத்துலயே போயி நிக்கும், மாட்டுக்கு அப்படி இல்ல, கருப்பைல மொட்டு மொட்டா இருக்கும், அதுல பட்டன் போட்ட மாதிரி மேலாக்க ஒட்டும், ஈன்டதும் கழண்டு விழுந்துரும். ரெண்டும் வேற வேற ஏற்பாடு, மாட்டு ஒடம்பு அந்தக் கருவ ஏத்துக்காது. செமஸ்டர்ல இதே கேள்வி வந்துச்சு, பத்து மார்க்கு.

அந்த மாடுங்களுக்கு பிரசவத்துக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு அந்த நாவல்ல இருக்கா? புக்கு யார்கிட்டயாச்சும் இருந்தா குடுங்க, வெள்ளிக்கெழம ஜங்ஷன் வருவேன்.